மூன்று மேசைகள், மூன்று திரைகள்

சிதம்பரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலுள்ள மாணவி கல்லூரிச் சேர்க்கைக்காக வருமானச் சான்றிதழ் கேட்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் கணிப்பொறி வழியே கிராம நிர்வாக அலுவலருக்கும், பின் வருவாய் ஆய்வாளருக்கும், அதன்பின் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் செல்கிறது. தாளை ஏந்தி மேசை மேசையாக அலையும் தொல்லை பெரிதும் குறைந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு மேசையிலும் கணிப்பொறி நின்று, ஒரு மனிதரின் முடிவுக்காகக் காத்திருக்கிறது. அவர் முன்னுள்ள திரை எப்படி இருக்க வேண்டும்?

மென்பொருள் உலகம் இக்கேள்வியைக் கடைசியில்தான் கேட்கிறது. அலுவல் நடைமுறைகளைக் கணிப்பொறிக்கு எழுதிக்காட்டும் 'பிபெல்' என்னும் மொழியின் 2.0 பதிப்பு 2007 ஏப்ரலில் தரநிலையாக ஏற்கப்பட்டது. இயந்திரத்தோடு இயந்திரம் பேச அதில் வழி இருந்தது. மனிதர் செய்யும் வேலைக்கு இடமே இல்லை! அவ்வாண்டு ஜூனில் ஐ.பி.எம்., ஆரக்கிள், எஸ்.ஏ.பி. முதலிய நிறுவனங்கள் கூடி அக்குறையை நிரப்ப வரைவுகளை வெளியிட்டன. வேலையை யார் எடுக்கலாம், பிறரிடம் எப்படி ஒப்படைக்கலாம், கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பவையெல்லாம் அவற்றில் உண்டு. திரையின் தோற்றத்தை மட்டும் அமைப்பவரிடமே விட்டுவிட்டன. அது சரியே. குறை அதற்குப் பின் நேர்கிறது. பல மென்பொருள்கள் தரவுக் கட்டங்களை வரிசையாக அடுக்கித் தாமே ஒரு படிவத்தை உண்டாக்கித் தருகின்றன. சோதனைக்கு அது போதும். அதையே அலுவலரின் மேசைக்கு அனுப்புவது சோம்பல்.

கிராம நிர்வாக அலுவலர் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இக்குடும்பத்தின் வருமானம் சொன்னபடி உள்ளதா? அதற்கு வேண்டிய குடும்ப அட்டை, நிலம், தொழில் விவரங்கள் ஒரே பார்வையில் கிடைக்க வேண்டும். மின்னஞ்சல் முகவரி முதலில் நின்று, நில விவரம் நான்காம் பக்கத்தில் ஒளிந்தால், அவர் பாராமலே பொத்தானை அழுத்தக்கூடும். ஆய்வாளருக்கோ முன்னவரின் குறிப்பு முதலில் தெரிய வேண்டும். கடலூரில் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து மேற்பார்வையிடுபவருக்குக் குடும்ப விவரம் எதற்கு? எந்த விண்ணப்பம் எங்கே எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதே அவருக்கு வேண்டும். திரையை வரைபவர் ஒரு நாள் வட்டாட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாலே இது விளங்கிவிடும்.

பொத்தான்களையும் எண்ணிப் பாருங்கள். 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என இரண்டு மட்டும் இருந்தால், ஒரு தாள் குறைந்த மாணவியும் மறுக்கப்படுவாள். 'விளக்கம் கேட்கிறேன்' என மூன்றாவது ஒன்று வைக்க அதிகச் செலவில்லை. அது இல்லையேல் அவள் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்கோ கடைசி நாள் உண்டு.