சிறுகுறிஞ்சானை மருந்தாக ஏற்கலாமா?

சிறுகுறிஞ்சான் இலை இரண்டை நன்றாக மென்றுவிட்டு ஒரு சிட்டிகைச் சர்க்கரையை வாயில் போட்டால், மணலைப் போட்டதுபோல் நறநறக்கும், இனிப்பே தெரியாது. இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணரிகளைச் சிறிது நேரம் முடக்கிவைக்கின்றன. ரத்தச் சர்க்கரையும் இப்படியே அடங்கும் என்று நம்ப மனம் விரும்புகிறது. ஆனால் அதற்குத் தனிச் சான்று வேண்டும்.

சான்று அறவே இல்லாமலில்லை. 1990இல் வெளியான சென்னைப் பல்கலைக்கழக ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேர் வழக்கமான மாத்திரைகளோடு இந்த இலைச்சாற்றையும் நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம்வரை எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரை குறைந்தது; மாத்திரையின் அளவும் குறைந்தது; 5 பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. மதிக்கத்தக்க முடிவுதான். ஆனால் 22 பேர் மிகக் குறைவு. யாருக்குச் சாறு, யாருக்குப் போலி மருந்து என்பதை மறைத்துவைத்து நடத்திய சோதனையும் அல்ல. மருத்துவர் தொடர்ந்து கவனிக்கிறார் என்றாலே பலருக்கு உணவுக் கட்டுப்பாடு தானாக வந்துவிடும். குறைந்ததில் இலையின் பங்கு எவ்வளவு என்பதை இந்த ஆய்வால் பிரித்துக் காட்ட முடியாது.

செயல்படும் விதத்திலும் ஐயம் உண்டு. இந்த இலைச்சாறு கணையத்தின் பீட்டா செல்களை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது என்பார்கள். 1999இல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனையில், அதே சாறு செல்லின் சவ்வை ஊடுருவத்தக்கதாக்கியதால்தான் இன்சுலின் வெளிவந்தது என்று தெரிந்தது. செல் தானே சுரப்பதும் சவ்வு பழுதாகிக் கசிவதும் ஒன்றாகா.

செடியிலிருந்து மருந்து பிறக்காது என்பதல்ல என் வாதம். ஐரோப்பாவின் கலேகா செடியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் இருந்தது, நச்சும் இருந்தது. அந்தப் பொருளுக்கு உறவான மெட்ஃபார்மின் என்ற மருந்தை 1957இல் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் மனிதருக்குப் பயன்படுத்திக் காட்டினார். உடல் எடை மிகுந்த நீரிழிவாளர்களின் மரணங்களை அது குறைக்கிறது என்று 1998இல் பிரிட்டனின் நெடுங்கால ஆய்வு நிறுவியது. அளவு, பக்கவிளைவு, ஆயுள் என எல்லாவற்றுக்கும் மெட்ஃபார்மின் கணக்குக் காட்டியது. சிறுகுறிஞ்சான் இன்னும் அந்தக் கணக்கைக் காட்டவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: இந்த இலை பெரிய, கறாரான சோதனைக்கு முழுத் தகுதி உடையது; மாத்திரைக்கு மாற்றாகும் தகுதியை இன்னும் பெறவில்லை. மாத்திரையோடு சேர்த்து உண்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடலாம். முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் இதை நம்பி இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.