நினைவில் நின்ற ஊர், நிற்காத தெரு

மானுடவியல் முதுகலையில் சேர்ந்தால் முதல் செமஸ்டரிலேயே ஒரு தீ விபத்துக் கதை கிடைக்கும். உண்மையில் விபத்து இல்லை, யாரோ வைத்த தீ. எம்.என். ஸ்ரீனிவாஸ் 1948இல் மைசூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் களப்பணி செய்தார். ராம்புரா என்பது அவர் அந்த ஊருக்கு வைத்த புனைபெயர். 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் அவர் தங்கி எழுதிக்கொண்டிருந்த ஆய்வு மையத்துக்குத் தீ வைக்கப்பட்டது. வருடக்கணக்காக வகை பிரித்து வைத்திருந்த குறிப்புகளின் மூன்று படிகளும் போயின. ஞாபகத்தில் இருப்பதை வைத்தே எழுதுங்கள் என்று தூண்டியவர் சோல் டாக்ஸ் என்ற மானுடவியலாளர். அப்படி வந்ததுதான் 1976இல் வெளியான ‘தி ரிமெம்பர்ட் வில்லேஜ்’.

இலக்கியம் வாசித்துவிட்டு மானுடவியலுக்குப் போன எனக்கு இந்தப் புத்தகம் பிடிக்காமல் போனால்தான் அதிசயம். அட்டவணை போனது, ஆட்கள் மிஞ்சினார்கள். ஊர்த் தலைவரின் இறுக்கமும் பிடிவாதமும் ஒரு நல்ல நாவலின் பாத்திரம்போல நிற்கின்றன. ‘பார்த்தியா, கடைசியில ஆய்வாளனைக் காப்பாத்துனது கதைதான்’ என்று நண்பர்களிடம் ரொம்ப நாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாவது முறை வாசித்தது என் களப்பணிக்குப் பிறகு. இந்த முறை வேறு ஒன்று உறுத்தியது. ஸ்ரீனிவாஸ் ஐயங்கார். தங்கியது ஊர்த் தலைவரின் மாடுகள் கட்டும் வீட்டில். ஊரில் கை ஓங்கியவர்கள் வொக்கலிகர்கள். தலைவரும் அவர்களில் ஒருவர். ஞாபகம் என்பது ஏதோ சுதந்திரமான பறவை என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை. உட்கார்ந்த திண்ணையிலிருந்து தெரிந்ததைத்தான் அது வைத்துக்கொள்ளும். தலைவரின் குரல்கூட நமக்குக் கேட்கிறது, தலித் தெருவோ தூரத்தில் மங்கலாக இருக்கிறது. இதை அவர் மறைக்கவில்லை. தன் பார்வை மேல்சாதிப் பார்வைதான் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். நேர்மைதான். ஆனால் ஒத்துக்கொண்டதால் அந்தத் தெரு புத்தகத்துக்குள் வந்துவிடவில்லையே. இன்னொன்றும் சொல்லணும்: ‘ஆதிக்க சாதி’ என்ற அவருடைய புகழ்பெற்ற கருத்து அவ்வளவு துல்லியமாக அமைந்ததற்கும் இதே திண்ணைதான் காரணம் என்பது என் ஊகம். அதிகாரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தால் அதன் நெளிவுசுளிவெல்லாம் நன்றாகத் தெரியும்.

இதை இவ்வளவு கறாராகச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். என்னுடைய ஆய்வு பேராக்கில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தைப் பற்றியது. அப்பா பிறந்த தோட்டம். அதனால் கதவெல்லாம் தானாகத் திறந்தது. கோயில் தலைவர் வீட்டு ஐந்தடியில் நாற்காலி, மைலோ, பிஸ்கட். நோட்டுப் புத்தகம் நிறைந்தது. மேற்பார்வையாளர் நான் வரைந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ‘கடைசி லயத்தில் யாரும் இல்லையா?’ என்று கேட்டார். ‘பேட்டி கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தேன். பொய். நான் போகவே இல்லை. ‘அங்க ஒண்ணும் இல்ல தங்கச்சி, எல்லாம் குடிகாரப் பசங்க’ என்று தலைவர் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. நம்ம நாட்டுல சாதியெல்லாம் இல்லைன்னு மேடையில பேசுற குடும்பம் எங்களுடையது.

பிறகு போனேன். ஒரு பாட்டி இருந்தார். முதல் கேள்வியே, ‘நீ யாரு வீட்டுப் புள்ள?’ தாத்தா பேரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். உள்ளே போய் நாற்காலியை எடுத்துவந்து எனக்குப் போட்டுவிட்டு, அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். அப்புறம், பேத்தி வயசுள்ள என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: ‘எங்க வீட்டுல தே குடிப்பீங்களா?’