பழைய பொலேரோவின் நேர்மை

நம்பகமான வண்டி என்றால் பழுதே ஆகாத வண்டி என்று பொருளல்ல. பழுதை முன்கூட்டியே காட்டிவிடும் வண்டி. 2000-இல் வந்த மஹிந்திரா பொலேரோ அந்த ரகம். தனிச் சேஸிஸ், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். ஸ்பிரிங் புஷ் தேய்ந்தால் பள்ளத்தில் கடகடக்கும். கிளட்ச் தேய்ந்தால் மேட்டில் இன்ஜின் உறுமும், வேகம் ஏறாது. இரண்டையும் ஊர் மெக்கானிக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார்.

குலுக்கி எடுக்கிறதே என்பார்கள். உண்மைதான், ஆனால் பாரம் தாங்கும் அதே ஸ்பிரிங்தான் குலுக்கவும் செய்கிறது. பிந்தைய மாடல்களில் மின்னணு கூடி, ஸ்கேனர் தேவைப்படுவதும் நிஜம். தேயும் பாகங்கள் மட்டும் இன்னும் வெளிப்படையாகவே பேசுகின்றன. ஆகவே பழையதை வாங்குவதானால் பெயின்ட் பளபளப்பில் மயங்காமல், அடியில் குனிந்து சேஸிஸ் துருவைப் பாருங்கள். மற்றதைச் சரிசெய்துவிடலாம், அரித்துப்போன சேஸிஸைச் சரிசெய்வது கட்டுப்படியாகாது.