குழியை அளந்து குணம் காணலாமா?

மண்டையோட்டின் கண்குழியை அளப்பது புதிய முயற்சியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் புரோக்கா, குழியின் உயரத்தை அகலத்தால் வகுத்து நூறால் பெருக்கி, அவ்வெண்ணைக் கொண்டு மாந்தரை வகைப்படுத்த முற்பட்டார். ஆனால், அகலத்தை மூக்கின் பக்கம் எப்புள்ளியிலிருந்து அளப்பது என்பதில் அறிஞரிடையே ஒருமை இல்லை. அவ்விளிம்பு கூர்மையின்றி வளைந்து செல்வதே அதற்குக் காரணம். புள்ளி மாறினால் எண்ணும் மாறும். எண் மாறினால் வகையும் மாறும்.

அவ்வகைப்பாடு இன்று மதிப்பிழந்துவிட்டது. கண்குழியோ வேறொரு வினாவுக்கு விடையாக மீண்டும் வந்துள்ளது. 2011ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துப் பியர்ஸ், டன்பார் ஆகிய இருவரும் 12 மக்கட் கூட்டத்தாரின் 55 மண்டையோடுகளை ஆராய்ந்தனர். நிலநடுக்கோட்டுக்குத் தொலைவில் வாழ்ந்தோரின் கண்குழி பெரிது என்றும், அங்கு ஒளி குறைவாதலின் பெரிய கண் தேவைப்பட்டது என்றும் கூறினர். இஃது அறிவின் உயர்வு தாழ்வைக் காட்டாது என்று அவர்களே தெளிவுறுத்தியது பாராட்டத்தக்கது.

2013ஆம் ஆண்டில் ஸ்டிரிங்கர் என்னும் அறிஞரும் அவர்களோடு சேர்ந்தார். பண்டை மாந்தர் 32 பேரின் மண்டையோடுகளும், மறைந்துபோன நியாண்டர்தால் மாந்தர் 13 பேரின் மண்டையோடுகளும் ஒப்பிடப்பட்டன. நியாண்டர்தாலரின் குழி பெரிது எனக் கண்டனர். இதுவரை அளவை. இதற்கு மேல் வருவன யாவும் ஊகமே: குழி பெரிதாயின் விழி பெரிது, விழி பெரிதாயின் மூளையில் பார்வைக்குரிய பகுதி பெரிது, ஆகவே எஞ்சிய பகுதி சிறிது, ஆகவே பெருங்கூட்டமாய்க் கூடி வாழும் ஆற்றல் குறைவு!

இச்சங்கிலியின் முதற் கண்ணியே வலுவற்றது. இன்றைய மனிதனின் கண்குழி ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும். விழிக்கோளமோ ஏறத்தாழ 7 மில்லிலிட்டரே. எஞ்சிய இடத்தில் கொழுப்பும், தசையும், நரம்பும், குருதிக்குழாயும் உள்ளன. மேலும், நியாண்டர்தாலரின் முகமே பெரிது. பெரிய முகத்தில் பெரிய குழி இருத்தல் இயல்பன்றோ? விழியின் அளவைக் குழி உறுதியாகச் சொல்லாதபோது, கூட்டத்தின் அளவை அஃது எங்ஙனம் சொல்லும்?

2015ஆம் ஆண்டில் வேறு அறிஞர் சிலர் குரங்கினங்களில் இதனைச் சோதித்தனர். பெரிய குழியுடைய இனங்கள் சிறு கூட்டமாய் வாழ்கின்றன என்னும் முடிவு கிட்டவில்லை. மாறாகப் பெருங்கூட்டமாய் வாழும் போக்கே தென்பட்டது. அதற்குள், பெரிய கண்ணே நியாண்டர்தாலரை அழித்தது என்னும் செய்தி ஏடுகளில் பரவிவிட்டது.

அளந்தோர் பொய்யுரைத்தாரல்லர், அளந்ததற்கும் முடிந்த முடிபுக்கும் இடையே உள்ள தொலைவை மறந்தனர். அறிவியற் பாடம் நடத்தும் ஆசிரியர் இவ்வாராய்ச்சியை விலக்க வேண்டுவதில்லை. அளக்கப்பட்டது எது, ஊகிக்கப்பட்டது எது என்று மாணவரைக் கொண்டே இரண்டாகப் பிரித்து எழுதச் செய்தல் வேண்டும். புரோக்காவின் காலத்தில் இவ்வினா உரக்க எழுந்திருந்தால், எண்களின் துணைகொண்டு மக்களை உயர்ந்தோர் தாழ்ந்தோர் எனப் பகுத்த கொடுமை அத்துணை எளிதில் வேரூன்றியிராது.