காயலின் கல்தூண்களும் கடல்வழி வந்த முகப்பும்

தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தின் இப்போதைய கட்டடம் 1713இல் அர்ச்சிக்கப்பட்டது. கட்டியவர்கள் இயேசு சபையார். ரோமில் அந்தச் சபையின் தாய்க்கோயிலான ஜெசு ஆலயம் அர்ச்சிக்கப்பட்ட ஆண்டு 1584. கோவாவின் போம் ஜேசு ஆலயம் 1605. முகப்பையே பேசவிட்டு, தெருவில் போகிறவரைத் தடுத்து நிறுத்தும் பரோக் மரபு ரோமிலிருந்து கோவா வழியாக முத்துக்குளித்துறைக்குக் கப்பலேறி வந்தது என்று சொல்ல இந்த மூன்று ஆண்டுகளே போதும். ஆனால் தூத்துக்குடிக்குத் தெற்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டரில் உள்ள காயல்பட்டினம் இதற்கு நேர் எதிரான சான்றைத் தருகிறது. ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளோடு கப்பல்கள் வந்து சேர்ந்த காயல் துறையை மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் குறிப்பிடுகிறார். அது பழையகாயலா இன்றைய காயல்பட்டினமா என்ற விவாதம் கால்டுவெல் காலத்திலிருந்து நடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த மண், கொற்கையிலிருந்து தொடங்கித் துறைகளை ஒவ்வொன்றாக உள்நாடாக்கிவிட்ட கரை இது. ஆகவே அந்த விவாதத்தை இங்கே தீர்க்க முயலவில்லை. எந்தத் துறையானாலும் இக்கரையின் முஸ்லிம் கடல்வணிகர்களான மரைக்காயர்களுக்கு அரபு உலகம் அயல் வீடு போல இருந்தது என்பதில் ஐயமில்லை. அப்படிப்பட்டவர்கள் தொழுகைக்கு இடம் கட்டியபோது குவிமாடத்தையும் வளைவையும் கப்பலில் ஏற்றி வரவில்லை. பாண்டி நாட்டுக் கல்தச்சரைத்தான் அழைத்தார்கள்.

அந்தத் தச்சரின் கையைக் காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்களில் பார்க்கலாம். குத்பா பெரிய பள்ளி, குத்பா சிறு பள்ளி, இரட்டைக்குளத்துப் பள்ளி, காட்டு மகுதூம் பள்ளி என்று நீளும் வரிசையில், பிற்காலப் பூச்சுக்கும் விரிவாக்கத்துக்கும் தப்பிய பகுதிகளில், கல்தூணும் அதன்மேல் போதிகையும் போதிகைமேல் உத்தரமும் உத்தரத்தின்மேல் பாவுகல்லும் என்ற தமிழ் மண்டப முறையே நிற்கிறது. தூணின் உடல் சதுரமாகத் தொடங்கி எண்பட்டையாகவும் பதினாறு பட்டையாகவும் மாறி மீண்டும் சதுரத்துக்குத் திரும்பும். கோயில் மண்டபத்தில் அந்தச் சதுரங்கள்தாம் கதை சொல்லும் இடம். தேவர்களும் அடியார்களும் யாளிகளும் அங்கேதான் குடியிருப்பார்கள். பள்ளித் தூணின் சதுரத்தில் தாமரை மலரும், கொடியும், கோடுகளால் பின்னிய வடிவங்களும் அமர்ந்திருக்கின்றன. தரைத்திட்டத்திலும் மாற்றம் உண்டு. கருவறையை நோக்கி நீண்டு ஒடுங்கும் கோயிலின் ஆழம் இங்கே தேவைப்படவில்லை. தொழும் திசையான கிப்லாவை நோக்கி மக்கள் தோளோடு தோள் நின்று அணிவகுக்க வேண்டும் என்பதால், மேற்குச் சுவரில் மிஹ்ராப் மாடம் வைத்து அகலமாய்ப் பரந்த மண்டபமாக அமைத்தார்கள். இலக்கணம் தமிழ்ச் சிற்பிக்கு உரியது, அதைக் கொண்டு எழுதிய வாக்கியம் ஜமாஅத்தாருக்கு உரியது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதற்கு முதல் மறுப்பு, இவை ஏதோ கோயிலிலிருந்து பெயர்த்தெடுத்த தூண்கள் என்பது. அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கல்லைப் பார்த்தே பதில் சொல்லலாம். பெயர்த்த கல்லுக்கு அடையாளங்கள் உண்டு. உயரம் பொருந்தாமல் ஒட்டுப்போட்டிருக்கும், உருவத்தைக் கொத்தி அழித்த தழும்பு இருக்கும், வரிசை குழம்பியிருக்கும். இந்தியக் கடற்கரைப் பள்ளிவாசல்களை அளந்து வரைந்த மெஹர்தாத் ஷொகூஹி, 2003இல் வெளிவந்த தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய தம் நூலில், இவை உருவங்களைத் தவிர்த்து உள்ளூர் மரபில் கட்டப்பட்டவை என்றே காட்டுகிறார். உண்மையான மறுபயன்பாடு எப்படி இருக்கும் என்பதற்கு இத்தாலியின் சிராக்கூசாவைப் பார்க்க வேண்டும். அங்கே பேராலயத்தின் சுவருக்குள் அதீனா கோயிலின் கிரேக்கத் தூண்கள் இன்றும் புதைந்து நிற்கின்றன. 1693 நிலநடுக்கத்துக்குப் பின், 18ஆம் நூற்றாண்டில், அதற்குப் பரோக் முகப்பு எழுந்தது. அங்கே ஒரு கட்டடம் இன்னொன்றைப் போர்த்தியிருக்கிறது. காயலில் தொடக்கத்திலேயே பூவுக்கென்று ஒதுக்கிச் செதுக்கிய சதுரம் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. வேறு தச்சர் கிடைக்கவில்லை, வந்தவரைக் கொண்டு கட்டினார்கள், இதில் தேர்வு என்று பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முதல் பள்ளிக்கு இந்த விளக்கம் பொருந்தலாம். ஆனால் முத்திலும் குதிரையிலும் பொருள் ஈட்டிய வணிகக் குடிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய பள்ளிகளிலும், கீழக்கரையில் வள்ளல் சீதக்காதியோடு சேர்த்துப் பேசப்படும் 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலப் பள்ளியிலும் அதே முறை தொடர்வதை வறுமையோ வசதியின்மையோ விளக்காது. இதே கரையில் இயேசு சபையார் தாங்கள் விரும்பிய முகப்பை எழுப்பத்தான் செய்தார்கள். மனமிருந்தால் வழியும் இருந்தது. சொல்லும் இதற்குச் சாட்சி. சமணருக்கும் பௌத்தருக்கும் உரியதாக இருந்த ‘பள்ளி’ என்ற தமிழ்ச் சொல்லையே சோனகர் எனப்பட்ட முஸ்லிம்கள் தம் தொழுமிடத்துக்கு வைத்துக்கொண்டார்கள். திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலின் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று, சோனகரின் பிழார்ப் பள்ளிக்குக் கொடுத்த நிலத்தைப் பதிந்துவைத்திருக்கிறது. பள்ளிவாசலுக்கான கொடையைப் பெருமாள் கோயில் சுவர் காத்துவருகிறது! சொல்லைப் பகிர்ந்தவர்கள் தூணையும் பகிர்ந்ததில் வியப்பென்ன?

ஊரின் அமைப்பிலும் இந்த மனம் தெரிகிறது. மணமான பின்னும் பெண் தாய்வீட்டிலேயே இருக்க, மாப்பிள்ளை அங்கே வந்து வாழும் வழக்கம் காயலில் உண்டு. ஆகவே வீடுகள் பெண்வழியில் அடுத்தடுத்துப் பிரிந்து வளர்ந்தன. பெண்கள் தெருவுக்கு வராமலே வீடுவிட்டு வீடு போகும் குறுகிய முடுக்குகள் வீடுகளுக்குப் பின்னே ஓடுகின்றன. பரோக் நகரம் சதுக்கத்தையும் மாளிகை முகப்பையும் அரங்கு போலத் திறந்து வைத்தது. காயலின் அழகோ வெளியே காட்டிக்கொள்ளாமல் உள்ளே இருக்கிறது, பள்ளியிலும் சரி, வீட்டிலும் சரி.

இத்தாலியின் லெச்சே நகரின் பரோக் ஆலயங்களை ரோமின் நகல் என்று யாரும் ஒதுக்குவதில்லை. அங்கே கிடைக்கும் மென்மையான சுண்ணாம்புக் கல்லும் அதைச் செதுக்கிய கைகளும் தந்த தனி மரபென்று அதற்கு ஊரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். காயலின் பள்ளிகளுக்கு அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை. இந்திய இஸ்லாமியக் கட்டடக்கலை நூல்கள் டில்லியில் தொடங்கிப் பீஜப்பூரிலும் கோல்கொண்டாவிலும் மூச்சை நிறுத்திக்கொள்கின்றன. தமிழ்க் கட்டடக்கலை நூல்களோ கோயில் மதிலோடு திரும்பிவிடுகின்றன. ஷொகூஹியும் ஆய்வாளர் ஜெ. ராஜா முகமதுவும் போட்ட பாதையில் நடந்தவர் மிகச் சிலர். இதற்கிடையே தொழ வருவோர் பெருகியதால் இடம் போதவில்லை. கான்கிரீட் விரிவாக்கம், டைல்ஸ், தூண்மேல் பெயின்ட் என்று வேலைகள் நடக்கின்றன. தொழுவோருக்கு இடம் வேண்டும் என்பது நியாயமான தேவை; பள்ளி அருங்காட்சியகமாகிவிடக் கூடாது. ஆனால் அடுத்த திருப்பணிக்கு முன் ஒவ்வொரு பள்ளியின் நிர்வாகமும் தூணுக்குத் தூண் அளந்து வரைபடம் எடுக்கட்டும், படம்பிடிக்கட்டும், பள்ளியின் ஆவணங்களோடு சேர்த்து வைக்கட்டும். பக்கத்துக் கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்களை அழைத்தால் சில வாரங்களில் முடியும் வேலை இது.