தோட்டத்துச் சுவருக்கு உள்ளே: ழான் ரெனுவாரின் 'தி ரிவர்'

ழான் ரெனுவாரின் 'தி ரிவர்' (1951) படத்துக்குள் இரண்டு குரல்கள் இருக்கின்றன. வங்காளத்து ஆற்றங்கரையில், சணல் ஆலையை நடத்தும் ஆங்கிலேயரின் வீட்டில் வளரும் ஹாரியட் என்ற சிறுமியின் குரல் ஒன்று. வளர்ந்து பெரியவளான பின் அதே ஹாரியட் பின்னணியில் கதை சொல்லும் குரல் மற்றொன்று. சிறுமி தான் கண்டதை மட்டும் சொல்கிறாள். பெரியவளோ தான் காணாத இந்தியாவையும் விளக்கத் துணிகிறாள். இந்தப் படத்தின் பெருமையும் சறுக்கலும் இந்த இரண்டு குரல்களுக்கு இடையிலேயே அமைந்திருக்கின்றன.

கதைக்கு மூலம் ரூமர் காடன் 1946இல் வெளியிட்ட நாவல். இன்று வங்கதேசத்தில் இருக்கும் நாராயண்கஞ்சில் கழிந்த தன் பிள்ளைப் பருவத்திலிருந்து அவர் அதை எழுதினார். திரைக்கதையை அவரும் ரெனுவாரும் சேர்ந்து எழுதினார்கள். கல்கத்தாவை அடுத்த ஹூக்ளிக் கரையில் படப்பிடிப்பு நடந்தது. டெக்னிகலர் ஒளிப்பதிவு ரெனுவாரின் அண்ணன் மகன் கிளாட் ரெனுவாருடையது.

கதை சிறியது. போரில் ஒரு காலை இழந்த அமெரிக்கரான கேப்டன் ஜான் பக்கத்து வீட்டுக்கு வருகிறார். ஹாரியட், ஆலை உரிமையாளரின் மகள் வாலரி, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருக்கும் ஓர் இந்தியப் பெண்ணுக்கும் பிறந்த மெலனி ஆகிய மூவரின் மனமும் அவரை நோக்கிச் சாய்கிறது. கேப்டனாக வரும் தாமஸ் பிரீனின் நடிப்பு விறைப்பானது என்று அன்றிலிருந்தே குறை சொல்லப்படுகிறது. குறை உண்மைதான். ஆனால் அது படத்தைச் சாய்த்துவிடவில்லை. அந்தப் பெண்கள் விரும்புவது அந்த மனிதரை அல்ல, அவரைச் சுற்றித் தாங்களே கட்டிக்கொண்ட கற்பனையை. ஹாரியட்டாக வரும் பட்ரீஷியா வால்டர்ஸின் தேர்ச்சியற்ற தடுமாற்றமோ பெரிய வரம். தான் அழகில்லை என்று நம்பும் ஒரு பெண்ணின் அவசரமும் பொறாமையும் கவிதை நோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் வெட்கமும் நடிக்கப்பட்டவையாகவே தெரியவில்லை.

படத்தின் உச்சம் தம்பி போகியின் மரணம். தோட்டத்து மரத்தடியில் ஒரு நாகம் இருக்கிறது. பாம்பாட்டியைப் பார்த்ததுபோல் தானும் அதை ஆட்டுவிக்கப் பார்க்கிறான் சிறுவன். ரெனுவார் பாம்பு கடிப்பதைக் காட்டுவதில்லை. நடுப்பகல் உறக்கத்தில் கிடக்கும் வீட்டாரை ஒவ்வொருவராக, மெல்ல நெருங்கிக் காட்டுகிறார். பார்ப்பவருக்கு அந்த அமைதியே அச்சமாகிறது. பாம்பைப் பற்றித் தெரிந்திருந்தும் பெரியவர்களிடம் சொல்லாமல் விட்டோமே என்ற குற்றவுணர்வு ஹாரியட்டை இரவில் ஆற்றுக்குத் துரத்துகிறது. காதல் ஏக்கத்தில் கண்ணை மூடியிருந்த நேரத்தில் தம்பி கைவிட்டுப் போனான் என்ற அறிவுதான் அவளை வளரச் செய்கிறது. குழந்தைப் பருவம் முடிவதை இவ்வளவு துல்லியமாக, அழுகையை விலைபேசாமல் சொன்ன படங்கள் மிகக் குறைவு.

இனி மறுபக்கம். சுமை தூக்கும் தொழிலாளர்கள், படகோட்டிகள், படித்துறையில் நீராடுபவர்கள் எல்லாரும் படத்தில் வருகிறார்கள். அவர்களில் யாருக்கும் ஒரு விருப்பமோ கோபமோ தரப்படவில்லை. போகியின் தோழன் கானு ஏறக்குறைய ஊமை. 1943இன் பஞ்சம் இதே வங்காளத்தில் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. 1947இன் பிரிவினை சணல் வயல்களைக் கிழக்கிலும் ஆலைகளை மேற்கிலும் பிரித்துப் போட்டது. படப்பிடிப்பு நடந்த நாட்களில் கிழக்கிலிருந்து அகதிகள் கல்கத்தாவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். இவை எதன் நிழலும் படத்தில் இல்லை.

ஆனால் காட்டாததைக் காரணமாக வைத்து ஒரு படைப்பைத் தள்ளுவது நேர்மையான திறனாய்வு ஆகாது. சுவருக்குள் வளரும் ஒரு சிறுமிக்கு ஆலைத் தொழிலாளியின் கூலி தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவளுடைய அறியாமை கதைக்குள் நியாயமானது, உண்மையானதும்கூட. பின்னணிக் குரலுக்கு அந்தச் சலுகை கிடையாது. முதல் காதல் எங்கும் ஒன்றுதான், சுவை மட்டும் இடத்துக்கு இடம் மாறும் என்ற பொருளில் அது தொடக்கத்திலேயே பேசுகிறது. அந்தச் சொல்லின்படி இந்தியா ஒரு சுவையாகிறது. தீபாவளியும் காளியும் ஆற்றின் ஓட்டமும் தொடர்ந்து விளக்கப்படுகின்றன. பிறப்பு, இறப்பு, மறுபிறப்பு என்று எல்லாம் இயற்கையின் சுழற்சியாகிவிடுகிறது. யாருடைய ஆலையில் யார் உழைக்கிறார்கள் என்பதும் அந்தச் சுழற்சிக்குள் இயற்கையைப் போலவே தோன்றிவிடுகிறது. அனுபவத்தின் எல்லையைத் தாண்டி ஒரு நாட்டின் சாரத்தைச் சொல்ல முனையும் குரல், அந்த நாட்டின் மக்களைக் காணாமல் விட்டதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியேற ரெனுவார் ஒரு வழியைத் தேடினார் என்பதற்கு மெலனியே சாட்சி. நாவலில் இல்லாத அந்தப் பாத்திரம் படத்துக்காக உருவாக்கப்பட்டது. நடித்தவர் ராதா ஸ்ரீராம். ருக்மிணி தேவியின் அண்ணன் மகள், கலாக்ஷேத்ராவில் பரதம் பயின்றவர். பின்னாளில் ராதா பர்னியர் என்ற பெயரில் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராக நீண்டகாலம் இருந்தவர். ஹாரியட் சொல்லும் கதைக்குள் மணப்பெண்ணாக வந்து அவர் ஆடும் நடனம், படத்தில் ஓர் இந்தியர் தன் கலையின் முழு அதிகாரத்தோடு நிற்கும் ஒரே இடம். அங்கே பின்னணிக் குரலின் விளக்கம் தேவைப்படுவதில்லை. அந்த உடலே பேசுகிறது.

ஆனாலும் அந்த நடனம் ஹாரியட்டின் கற்பனைக்குள்தான் நடக்கிறது. கதைக்கு வெளியே மெலனிக்குக் கிடைப்பது மிகக் குறைவு. பள்ளிச் சீருடையைக் களைந்து சேலை உடுத்துகிறாள். தனக்கு எது சொந்தம் என்று தெரியாமல் தவிக்கிறாள். இரண்டு இனங்களுக்கு நடுவே நிற்கும் அவளுடைய வளர்ச்சிதான் இந்தக் கதையில் மிகக் கடினமான வளர்ச்சி. அதைப் பின்தொடர்ந்திருந்தால் படம் சுவரைத் தாண்டியிருக்கும். மாறாக, உள்ளதை ஏற்றுக்கொள் என்ற அறிவுரையை அவள் வாயிலேயே வைத்து, கால் இழந்த கேப்டனுக்கு ஆறுதல் சொல்ல வைக்கிறார் ரெனுவார். இழந்தவனுக்கு ஏற்பு மருந்தாகலாம். இடமே தரப்படாதவளிடம் அதே ஏற்பைக் கேட்பது அநீதி. படத்தின் மிகப் பெரிய தோல்வி இதுதான்.

சத்யஜித் ராயை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. படப்பிடிப்பு இடம் தேடிய ரெனுவாருடன் அவர் அலைந்தார். சுப்ரதா மித்ரா படப்பிடிப்பை அருகிருந்து கவனித்தார். பன்சி சந்திரகுப்தா கலை இயக்கத்தில் பணியாற்றினார். இந்த மூவரும் 'பாதேர் பாஞ்சாலி'யில் (1955) சேர்ந்தபோது அங்கும் ஒரு பிள்ளையின் மரணம் கதையின் நடுவே நின்றது. துர்காவின் சாவில் மழை உண்டு. ஒழுகும் வீடும் அப்பா கொண்டுவராத பணமும் உண்டு. அதே துயரத்தை அதன் காரணங்களோடு சேர்த்துக் காட்ட முடியும் என்பதை ராய் நிறுவினார். ஆகவே ரெனுவாரின் மௌனம் கலையின் தேவையால் வந்தது என்று வாதாட இடமில்லை. அது அவருடைய தேர்வு.

என் தீர்ப்பு இது. குழந்தைமை முடிவதைப் பற்றிய படமாக 'தி ரிவர்' மிக உயர்ந்த படைப்பு. போகியின் மரணமும் ஹாரியட்டின் குற்றவுணர்வும் காலனியம் மறைந்த பிறகும் உண்மையாகவே நிற்கின்றன. இந்தியாவைப் பற்றிய படமாக அது குறைபட்டது. அந்தக் குறை அதன் காலத்தின் மீது மட்டும் சுமத்தக்கூடியதல்ல. மெலனியைப் படைத்த கைக்கு அவளைத் தொடரவும் வழி தெரிந்திருந்தது. சிறுமி கண்டதை நம்பி, பெரியவள் விளக்குவதைக் கேள்வி கேட்டுப் பார்ப்பவர்களுக்கு இந்தப் படம் தன் பெருமையையும் பிழையையும் சேர்த்தே தரும். அப்படிப் பார்க்கப்பட வேண்டிய தகுதி அதற்கு இருக்கிறது.