அருளர் என்ற பெயரும் புலிப் படமும்

2005ஆம் ஆண்டு லண்டனிலிருந்து வெளிவந்த ஓர் இசைத்தட்டின் பெயர் 'அருளர்'. பாடியவர் எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருட்பிரகாசம். அவருடைய முதல் அல்பம் அது. எக்ஸ்.எல். ரெகோர்டிங்ஸ் என்ற சுயாதீன நிறுவனம் வெளியிட்டது. ஆங்கிலப் பாட்டைப் பற்றி நமது ஏட்டில் என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். அதன் பெயரும் அட்டைப்படமும் நம்மைத் தொடுவதால்தான் இந்தப் பேச்சு.

விமர்சகர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பிரித்தானியாவின் மேர்க்குரிப் பரிசுக்கான அவ்வருடத்துப் பட்டியலில் அது இடம்பெற்றது. நியூயோர்க்கின் 'வில்லேஜ் வொய்ஸ்' பத்திரிகை அமெரிக்க விமர்சகர்களிடம் நடத்திய 2005ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். கடையில் தட்டு வாங்கியவர்களின் கணக்கு வேறு. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது ஏறிய உச்சம் 190, பிரித்தானியாவில் 98. எழுதுகிறவர் கொண்டாடியதைக் கேட்கிறவர் அந்த அளவுக்குத் தேடிப் போகவில்லை.

விமர்சகர்களுக்குள்ளும் ஒரு சண்டை நடந்தது. ஓவியக் கல்லூரியில் படித்து வந்த ஒருவர் ஜமேக்காவினதும் பிரேசிலினதும் சேரித் தாளங்களை எடுத்தாளலாமா என்று சைமன் ரெய்னோல்ட்ஸ் சந்தேகம் எழுப்பினார். அதே வில்லேஜ் வொய்ஸில் ரொபர்ட் கிறிஸ்கோ இலங்கைப் போரின் பின்னணியையும் புலிச் சின்னத்தையும் எடுத்துப் பேசி, அல்பத்தின் பக்கம் நின்றார். 'சன்ஷவர்ஸ்' என்ற பாட்டில் பலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருவதால் எம்.டி.வி. தொலைக்காட்சியும் தயங்கியது. மொத்தத்தில் 'இவருக்கு உரிமை உண்டா?' என்பதே அவர்களுடைய கேள்வி.

தமிழ் படித்தவனுக்கு முதலில் கண்ணில் படுவது வேறு. அருளர் என்பது பாடகியின் தந்தை அருட்பிரகாசத்தின் இயக்கப் பெயர். ஈரோஸ் இயக்கத்தின் தொடக்ககாலத்தவர்களில் ஒருவர் அவர். புலிகள் இயக்கத்தவர் அல்ல. அதே பெயரில்தான் 'லங்கா ராணி' நாவலையும் எழுதினார். 1977 கலவரத்தில் கொழும்பை விட்டு ஓடிய தமிழரை வடக்குக்கு ஏற்றிச் சென்ற கப்பலின் கதை அது. அகதிகளைப் பற்றி எழுதிய ஒருவரின் புனைபெயரை, அகதியாக வளர்ந்த அவருடைய மகள் தன் முதல் தட்டுக்குச் சூட்டியிருக்கிறார். வீட்டில் இல்லாத தகப்பனின் கண்ணில் இந்தப் பெயர் படட்டும் என்ற எண்ணமும் அதில் இருந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். எம்.ஐ.ஏ. என்ற சுருக்கத்துக்கும் போர்க்களத்தில் காணாமற்போனவர் என்ற பொருள் உண்டு. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்தத் தட்டின் சத்தமும் மாறிவிடுகிறது. மெலிந்த இயந்திரத் தாளம். அதன்மேல் பாதி பாட்டு, பாதி கத்தல். ஒழுங்கையில் கிளித்தட்டு விளையாடும் பிள்ளையின் குரல் அது. துணிச்சலுக்கு அடியில் ஒரு தேடல் கேட்கிறது.

ஆனால் அட்டையைப் பார்க்க வேண்டும். பாடகியின் முகத்தைச் சுற்றிக் குண்டுகள், தாங்கிகள், புலிகள். லண்டன் விமர்சகருக்கு இது துடுக்கான வடிவமைப்பு. பாலாவியில் அது அவ்வளவு இலேசான சங்கதி இல்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றிய ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். எங்கட உப்பளங்களுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டில் போட்டு இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று என் வகுப்பில் படிக்கிறார்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு இந்தப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினேன். தாளம் எல்லாருக்கும் பிடித்தது. ஒரு பிள்ளை மட்டும் சொன்னாள்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு சேர். ஆனா இந்த மட்டைய எங்கட மூத்தம்மாட்ட காட்ட ஏலாது."

வில்லேஜ் வொய்ஸில் நான் வாசித்த எந்த விமர்சனத்திலும் இந்த வசனம் இல்லை. அதற்குப் பாடகியைத் திட்டிவிட்டுப் போவது இலேசு. பயங்கரவாதத்தைத் தான் ஆதரிக்கவில்லை என்று அவர் பின்னர் சொன்னதையும் கணக்கில் எடுக்க வேண்டும். என் வாசிப்பு இதுதான்: அவர் இலங்கையை விட்டுப் போனது 1986 அளவில், பத்துப் பதினொரு வயதில். அவருடைய யாழ்ப்பாணம் அந்த வருடத்தோடு நின்றுவிட்டது. இராணுவத்துக்குப் பயந்த ஒரு பிள்ளையின் கண்ணுக்குப் புலி காவல் மிருகமாகத் தெரிந்திருக்கலாம். நாலு வருடத்தில் அதே புலி எங்கட ஆக்களின் வீட்டு வாசலில் வந்து நின்றது. 2005இல் தட்டுப் போட்டவருக்கு வயது முப்பதை நெருங்கியிருந்தது. பிள்ளையின் ஞாபகத்தைப் பாட்டில் வைத்தது கலை. நடந்ததை விசாரிக்காமல் அதையே அட்டையில் அலங்காரமாக ஒட்டியது அக்கறையின்மை. அல்பத்தின் குறை அங்கேதான், கடன் வாங்கிய தாளத்தில் இல்லை. அகதிக்குரல் என்று உலகம் மெச்சிய ஒரு தட்டு, இன்னோர் அகதியின் காதில் எப்படி விழும் என்று யோசிக்கவில்லை.

தட்டைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். ஒரு கப்பலில் வடக்குக்குப் போனவர்களை அருளர் எழுதினார். மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்தவர்களின் கதை இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் மூத்தம்மாவின் பேச்சைக் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.